வசீல் வாங்காத வீடு

தம்பி,

நீ வெலிங்டனுக்குப் புறப்படுமுன் இதை உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். போன சனிக்கிழமை உனக்குக் குளிர்ச்சட்டை வாங்க ஹென்டர்சனுக்குப் போனபோது காரில் நாம் இருவர் மட்டும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "டயருக்குக் காத்துப் பார்த்தனியோ?" என்றுதான் வந்தது. நீ "ஓம் அப்பா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை இருவரும் கதைக்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் வீட்டில் இப்படித்தான் இருக்கிறது. அது உன் பிழையில்லை.

அன்று நீ சாப்பாட்டு மேசையில், வெலிங்டனில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். "சட்டம் படிச்சது வீணில்லை அப்பா, ஆனா எனக்கு அரசியல்தான் சரி எண்டு படுது" என்றாய். எவ்வளவு நாள் மனதுக்குள் வைத்திருந்து சொன்னாயோ தெரியாது. நான் சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுக்காமலே, "அரசியலோ? வசீலைப் பார்த்தனிதானே. எவ்வளவு நல்லவன் மாதிரி எங்கட வீட்டில இருந்து சாப்பிட்டிட்டுப் போனவன். மந்திரியாகிக் கள்ளனாப் போனான். நீயும் அப்பிடி வரப்போறியோ?" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "அது உண்மையோ அப்பா?" என்று கேட்டாய். "உண்மையில்லாமல் பேப்பரில போடுவாங்களோ?" என்றேன். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து சமையலறைக்குள் போனாள். அவள் ஏன் எழுந்தாள் என்று நீ நினைத்தாயோ தெரியாது. நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும், அதனால்தான் எழுந்தாள்.

வசீல் ஒருவரிடமும் ஒன்றும் எடுக்கவில்லை. அவனுக்குக் கெடுதல் செய்தவர்கள் அவனுடைய நாட்டில் பலர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தேடிக்கொண்டிருந்த பிடியை அவர்கள் கையில் கொடுத்தது நான். அதை உனக்குச் சொல்லாமல் மறைத்தது மட்டுமல்ல, அவனுடைய வீழ்ச்சியை எடுத்து உன்னைப் பயமுறுத்தவும் பயன்படுத்தினேன். ஆகையால் அவன் யார் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

புலமைப்பரிசில் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கீவ் நகருக்கு நான் போனபோது எனக்கு உன்னைவிட வயது குறைவு. நீர்ப்பொறியியல் படிக்கப் போனேன். விடுதியில் என் அறைத்தோழன் வசீல். தினீப்பர் ஆற்றோரத்தில் ஒரு சின்ன ஊர்க்காரன், கூட்டுப்பண்ணையில் மாடு பார்த்த ஒரு தாயின் ஒரே பிள்ளை. எனக்கு ரஷ்ய மொழி வராத முதல் வருடத்தில், கடைக்குப் போனாலும் வைத்தியரிடம் போனாலும் எனக்காகப் பேசியவன் அவன். ஆள் பெரிய வீரன் மாதிரி இருக்கமாட்டான். மெல்லிய உடம்பு, தடித்த கண்ணாடி, பேசும்போது கொஞ்சம் திக்கும். ஆனால் ஒரு பிழையான கணக்கை அவனால் தாண்டிப் போக முடியாது. ஒருமுறை ஆய்வுகூடத்தில் ஆற்று நீரைப் பரிசோதித்தோம். வரவேண்டிய விடை இதுதான் என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் வேறு விடைதான் வந்தது. எல்லோரும் ஆசிரியர் சொன்னதை எழுதினோம். வசீல் தனக்கு வந்ததை எழுதினான். அவனுக்குப் புள்ளியைக் குறைத்தார்கள். அறைக்கு வந்து, "உனக்கும் எனக்கு வந்ததுதானே வந்தது?" என்று என்னைக் கேட்டான். ஆமென்றேன். பிறகு உருளைக்கிழங்கு அவிக்க அடுக்களைக்குப் போய்விட்டான். என்னைக் குற்றம் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. அதனால்தானோ என்னவோ, அது எனக்கு இன்றும் உறைக்கிறது.

படிப்பு முடிந்து நான் ஊருக்குத் திரும்பினேன், கல்யாணம் செய்தேன், நீ பிறந்தாய். வசீல் கீவ் நகரத்துக் குடிநீர் வேலையில் சேர்ந்தான். வருடத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வரும். செர்னோபில் வெடித்த வருடம் மட்டும் கடிதமே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தண்ணீர் குடிக்கிற சனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று தன் மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். சனம் கலவரப்படும் என்றார் அவர். "சொல்லாவிட்டால்தான் கலவரப்படும்" என்றானாம் இவன். அவனைத் தூக்கி ஒரு சின்ன நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் போய் நீர்த்தாங்கிச் சுவரில் பரிசோதனை விடைகளைத் தன் கையால் எழுதி ஒட்டினான். அந்த நகரத்துச் சனம் அதை மறக்கவில்லை. போட்டியுள்ள தேர்தல் என்று முதன்முதலில் ஒன்று வந்தபோது, அவர்களே அவனை நிற்கச் சொல்லி நிறுத்தி வெல்ல வைத்தார்கள். நாடு தனிநாடானது. சில வருடங்களில் நீர்வளம் சார்ந்த ஓர் அமைச்சு அவன் கைக்கு வந்தது. "எனக்கு இப்போது ஒரு காரும் ஒரு சாரதியும் உண்டு. சாரதி என்னைவிட நன்றாக அரசியல் பேசுகிறார், அவரை அமைச்சராக்கிவிட்டு நான் கார் ஓட்டலாம்" என்று எழுதியிருந்தான்.

அந்த நேரம் நான் என்னவாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஊரைவிட்டு நியூசிலாந்து வந்து, ஆக்லாந்தில் நான் பட்டத்தைக் காட்டிய இடத்திலெல்லாம் தலையாட்டிவிட்டு வேறு ஆளை எடுத்தார்கள். ஹென்டர்சனில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் குழாய்களின் பொருத்துகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. அது கெட்ட வேலையில்லை, அதில்தான் நீ படித்தாய். ஆனால் எனக்குள் ஒன்று சுருங்கிப் போயிருந்தது. அதை நிமிர்த்தி வைக்க எனக்குக் கிடைத்த ஒரே ஊன்றுகோல் வசீலின் பெயர். சான்ட்ரிங்ஹாம் கடையில் அரிசி மூட்டை தூக்கும்போதும், கோயில் சாப்பாட்டுப் பந்தியிலும், யாராவது வாய் திறந்தால் போதும், "எங்கட சிநேகிதன் ஒருத்தன் அங்கை மந்திரி" என்று தொடங்கிவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை "மந்திரியின்ர ஆள்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை.

பிறகு அவன் உண்மையாகவே வந்தான். ஆஸ்திரேலியாவில் ஏதோ மாநாடு. அது முடிந்ததும் தன் சொந்தச் செலவில் எங்களைப் பார்க்கப் பறந்து வந்தான். மாசியில் நம் வீட்டில், உன் அறையில் படுத்தான். நீ ஹாலில் படுத்தாய். இந்த நாட்டில் புதுத் தேர்தல் முறை வந்த வருடம் அது. ஆளுக்கு இரண்டு வாக்கு எப்படி, எது கட்சிக்கு, எது ஆளுக்கு என்று அவன் உன்னைக் கேட்கக் கேட்க, நீ மேசையில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் கட்சிகளாக்கி விளக்கினாய். அவனுக்கு உடைந்த ஆங்கிலம், உனக்கு அவன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்காகக் கதைத்தீர்கள். பீஹா கடற்கரையில் நான் முன்னால் நடக்க, நீங்கள் இருவரும் பின்னால் கறுத்த மணலில் ஏதோ கோடு கீறி வாதாடிக்கொண்டு வந்தீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என்னோடு நீ ஒருநாளும் அப்படிச் சிரித்துக் கதைத்ததில்லை. தம்பி, எனக்குப் பொறாமையாக இருந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து என்னைத் தேடி வந்தவனிடம், என் சொந்தப் பிள்ளையை வைத்துப் பொறாமைப்பட்டேன்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. நீ பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாய். அம்மா பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ரஷ்ய மொழியில் ஒரு பெண்ணின் இனிய குரல். தான் கீவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரி என்றாள். என் ரஷ்ய மொழி எவ்வளவு அழகாயிருக்கிறது என்றாள். அந்த மொழியை நான் பேசி எத்தனை காலம்! ஹென்டர்சனில் குழாய் பார்க்கிறவனை அன்று யாரோ பொறியியலாளர் என்று அழைத்துப் பேசினார்கள். அமைச்சர் என் வீட்டில் தங்கினாரா என்று கேட்டாள். "தங்காமல்? இது அவர் வீடுதான். அவருக்கென்று இங்கே எப்போதும் ஓர் அறை இருக்கிறது. பதவி போனால் இங்கேயே வந்து இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்" என்றேன். விருந்தாளியைப் பற்றி யாரும் சொல்கிற சொல்தானே. ஆனால் அதில் என் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்பது எனக்குத் தெரியும். எத்தனை அறைகள், கடல் கிட்டவா என்றெல்லாம் அவள் கேட்டாள். எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாக்கியே சொன்னேன்.

அப்போது வசீல் ஒரு பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க மறுத்துக்கொண்டிருந்தான். சில நகரங்களின் குடிநீரை, அதிகாரத்தில் இருந்த யாருக்கோ வேண்டிய ஒரு கம்பனியிடம் கொடுக்கும் ஒப்பந்தம் அது. அவனை எப்படி விழுத்தலாம் என்று பார்த்திருந்தவர்களுக்கு என் பேச்சே போதுமாக இருந்தது. "அமைச்சருக்கு நியூசிலாந்தில் இரகசிய வீடு" என்று பத்திரிகையில் வந்தது.

அவன் எனக்கு அழைத்தான். கோபமே இல்லாத குரல். "நீ யாரோடாவது பேசினாயா?" என்று மட்டும் கேட்டான். அந்த இடத்தில், தம்பி, நான் ஆமென்று சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு நின்றிருக்கும். பெருமைக்காக உளறிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? "இல்லை, நான் ஒருவரோடும் பேசவில்லை" என்றேன். அவன் அதை நம்பினான். நம்பிப் பாராளுமன்றத்தில் எழுந்து, தன் நண்பன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று சொன்னான். மறுநாள் அந்தப் பெண் என் குரலைப் பதிவு செய்த நாடாவை வானொலிக்குக் கொடுத்தாள். அவன் நாடே என் குரலைக் கேட்டது. அதுவரை ஒரு குற்றச்சாட்டுத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவன் பொய்யனுமானான். அந்தக் கிழமையே பதவியிலிருந்து நீக்கி விசாரணை வைத்தார்கள்.

மறுபடி அழைத்தான். நாடாவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. வீடு யாருடையது, யார் வங்கிக்கு மோட்கேஜ் கட்டுகிறார்கள் என்று ஒரு சத்தியக் கடதாசி மட்டும் சமாதான நீதவான் ஒருவர் முன் கையெழுத்து வைத்து அனுப்பச் சொன்னான். "கட்டாயம், திங்கட்கிழமையே" என்றேன். திங்கள் போயிற்று. நம் குடியுரிமை விண்ணப்பம் அப்போது உள்ளே கிடந்தது. வெளிநாட்டு விசாரணை ஒன்றில் பெயர் அடிபட்டால் அதைத் தள்ளிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை. உண்மையில் நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அந்தக் கடதாசியில், நான் பெருமைக்காகப் பொய் சொன்னேன் என்று என் கைப்பட எழுத வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டு அறிந்துவிட்டாள். ஒருநாள் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த மனுசன் அங்கை மறியற்சாலைக்குப் போகப் போறார். நீங்கள் இஞ்சை என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"உனக்கு விளங்காது. சிட்டிசன்ஷிப் வரட்டும்."

"வீடு என்ர பேரிலயும்தான் இருக்கு. நீங்கள் வையாட்டி நான் கையெழுத்து வைக்கிறன்."

அவள் மேசையில் இருந்து தன் ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல எழுதினாள். நடுவில் தலையை நிமிர்த்தி, "நீங்கள் பெருமைக்குச் சொன்னனியள் எண்டு எழுதட்டோ?" என்று கேட்டாள். நான் கழற்றிய சப்பாத்தை எடுத்து வாசலில் வைக்கப் போனேன். அவள் எழுதினாள். அடுத்த நாள் பஸ் எடுத்து ஹென்டர்சனுக்குப் போய், சமாதான நீதவான் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வைத்து, வங்கிக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்துத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். வந்து வழமைபோலச் சோறு வைத்தாள். சில மாதங்களில் நமக்குக் குடியுரிமையும் வந்தது. நகரசபை மண்டபத்தில் உறுதியெடுத்துவிட்டுப் படம் பிடித்தோமே, அந்தப் படத்தில் அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று நீ கேட்டாய். காலணி கடிக்கிறது என்றாள்.

அவளுடைய கடதாசியால்தான் விசாரணை முடிந்தது. வசீலிடம் எந்தப் பிழையும் இல்லை என்று எழுதி மூடினார்கள். பத்திரிகை அதை உள்ளே ஒரு மூலையில் போட்டது. பதவியைத் திருப்பிக் கொடுக்க எவரும் இல்லை. ஒப்பந்தத்தில் அடுத்து வந்தவர் கையெழுத்து வைத்துவிட்டார். வசீல் மறுபடி தேர்தலில் நின்றான். கூட்டங்களில், "கடற்கரை வீடு எப்படியிருக்கிறது?" என்று பின்னால் இருந்து யாராவது கத்துவார்களாம். தோற்றான். இப்போது அந்தச் சின்ன நகரத்தின் நீர்நிலையத்திலேயே மறுபடி வேலை செய்கிறான். இதெல்லாம் அவன் மனைவி உன் அம்மாவுக்கு அனுப்பிய வாழ்த்து மடல்களிலிருந்து நான் அறிந்தவை. எனக்கு அவன் எழுதவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அன்று உன்னிடம் அவனைக் கள்ளன் என்றேன். உன்னை அரசியலிலிருந்து தடுக்க அந்தச் சொல் கைக்குச் சுலபமாக அகப்பட்டது. அம்மா அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நான் சொன்னால் உங்களைக் காட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் முன் வசீலிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. இன்று காலை, அங்கே மாலை நேரம் பார்த்து, அவனுக்கு அழைத்தேன். அவனே எடுத்தான். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னதையும் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, "அந்த நாடாவை நானும் கேட்டேன்" என்றான். "நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய்! அதற்காக நான் உன்மேல் கோபப்பட்டதில்லை. நான் கேட்டபோது இல்லை என்றாயே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. முயற்சி செய்தேன்." மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "உன் மனைவி பக்கத்தில் இருக்கிறாளா?" என்றான். கொடுத்தேன். அம்மாவும் அவனும் தங்கள் உடைந்த ஆங்கிலத்தில் பிள்ளைகளைப் பற்றி, குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். அவள் சிரித்தாள். நான் வெளியே போய் வேலியருகே நின்றேன்.

நீ அரசியலுக்குப் போ, தம்பி. உன்னைத் தடுக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அங்கே உன்னைக் கெடுக்க எதிரிகள் வருவார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உன்னைப் பற்றிப் பெருமையடிக்கிறவர்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள், அதில் உன் அப்பாவும் ஒருவன். வெலிங்டனில் உனக்கு ஒரு மேசை கிடைத்த செய்தியை நான் இதற்குள் சான்ட்ரிங்ஹாம் கடையில் சொல்லியாயிற்று. வாய் அவ்வளவு சீக்கிரம் திருந்தாது. யாராவது உன்னிடம் வந்து ஒரு விஷயம் நடந்ததா என்று கேட்டால், நடந்திருந்தால் ஆமென்று சொல். அந்த ஒரு கணம் தாண்டிவிட்டால் பிறகு சொல்ல முடியாமலே போய்விடும். நான் அப்படி இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

தொலைபேசியை வைக்குமுன் வசீல் அம்மாவிடம் ஒன்று கேட்டிருக்கிறான். "பையன் நேரம் கிடைக்கும்போது எனக்கு அழைக்கட்டும்" என்றானாம். உன்னோடு பேச வேண்டுமாம். இலக்கத்தை அம்மா உன் பையின் முன் உறையில் வைத்திருக்கிறாள். கட்டாயம் பேசு. நான் பக்கத்தில் இல்லாத இடத்திலிருந்து பேசு. அவன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், அதை நம்பு.

அப்பா